பல் டாக்டர் போர்டும் கருப்பியும்

என் கைவேலையை ஊரே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை இருந்தது. ஒரு நாள் மாலை ஊரே நின்று அண்ணாந்து பார்த்தது. அந்தக் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்ற ஒரே ஆள் நான்தான். இதை நானே எழுதிவிடுவது நல்லது. என் மாமியார் சொல்கிற வடிவத்தில் கோழிகளின் எண்ணிக்கை வருடத்துக்கு ஒன்று கூடிக்கொண்டே போகிறது.

ஆலங்குடியை ஒட்டி எங்கள் வீடு. வீட்டின் முன்பக்கம் என் ஃப்ளெக்ஸ் கடை, பின்பக்கம் கடலை காயப்போடுகிற சிமென்ட் களம். கடையில் இருக்கும் மெஷின் பத்தடி அகலம் அடிக்கும். திருச்சியில் ஒருவர் ஓட்டி ஓட்டி அலுத்துப்போய் என் தலையில் கட்டியது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் பக்கத்து மனிதர்களின் மொத்த வாழ்க்கையும் அந்த மெஷின் வழியாகத்தான் போகும். (ஒருமுறை காதுகுத்தையும் கண்ணீர் அஞ்சலியையும் மாற்றிக் கட்டிக் கொடுத்தேன். அந்தக் கதையை நான் சாகும்வரை எழுதமாட்டேன்.)

ஆனால் எனக்கு ஒரு குறை. கடைவீதியில் மருந்துக்கடை, பேக்கரி வாசல்களில் உள்ளே விளக்கு எரிகிற போர்டுகள் இருக்கும். தொழிலில் அதற்கு பேக்லிட் என்று பெயர். இருட்டினதும் அவை தங்கக்கட்டி மாதிரி மின்னும். என் ஃப்ளெக்ஸ்கள் எல்லாம் சூரியனோடு சேர்ந்து தூங்கப் போய்விடும். பேக்லிட் வேலை அத்தனையும் திருச்சிக்குத்தான் போகும். ஆலங்குடியில் அதை அடிக்க ஆள் கிடையாது என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். கடை திறந்து இரண்டு வருடம் ஆகியும், ஆலங்குடியில் நான் ஒருத்தி இருக்கிறேன் என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் என் நாத்தனார் ஸ்டெல்லா, பல் டாக்டர், திருச்சியில் வாக்கப்பட்டவள், ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சொந்தமாக மருத்துவமனை திறக்க முடிவு செய்தாள். ஆவூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த என் கணவர் குடும்பத்தில் அவள்தான் முதல் டாக்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். போர்டு வேலையைத் திருச்சியில் ஒரு கம்பெனியிடம் பேசிவிட்டதாகச் சொன்னாள். நான் கறிக்கரண்டியைக் கீழே வைக்காமலேயே வாயைத் திறந்துவிட்டேன்.

"போர்ட நான் அடிச்சுத் தாரேன் ஸ்டெல்லா."

என் கணவர் ஆரோக்கியம், நடுநிலைப் பள்ளி ஆசிரியர். தப்பான விடையைக் கேட்டால் அவர் முகம் ஒரு மாதிரி ஆகும். சோற்றில் வைத்த கை அப்படியே நிற்க, அந்த முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"அண்ணி, இது உள்ள லைட்டு எரியிற போர்டு. முடியுங்களா?" என்றாள் ஸ்டெல்லா.

"முடியுமாவா? நல்லாக் கேட்ட போ!" என்றேன். அதுவரை பேக்லிட் ஃப்ளெக்ஸை நான் கையால் தொட்டதுகூடக் கிடையாது.

அவள் சாப்பாட்டு இலையில் இருந்தபடியே இடது கையால் போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள். "ஏங்க, அந்தக் கம்பெனிக்கு வேணாம்னு சொல்லிருங்க. எங்க அண்ணியே செய்றாங்க." அந்த 'எங்க அண்ணி' இருக்கிறதே, ஒன்பது வருடத்தில் அந்தத் தொனியில் நான் அதைக் கேட்டதே இல்லை. படித்த நாத்தனாருக்கும் ஃப்ளெக்ஸ் கடை அண்ணிக்கும் நடுவில் எப்போதும் ஒரு மரியாதையான இடைவெளி உண்டு. அன்றைக்கு அது இல்லை. அந்த ஒரு சொல்லுக்காகவே இந்தப் போர்டை அடித்துக் காட்டுவது என்று நான் முடிவு கட்டினேன். திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருந்தது.

பத்தடிக்கு நாலடி போர்டு. கரு நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் அவள் பெயரும் படிப்பும். வலது பக்கம் பெரிதாகச் சிரிக்கிற ஒரு வாய். சிவந்த உதடு, சிவந்த ஈறு, முத்துப்போல எட்டுப் பல். இதுதான் அவள் கேட்டது.

முதல் தடவை, கல்யாண ஃப்ளெக்ஸ் அடிக்கிற மாதிரியே அடித்தேன். பகலில் பார்க்க அற்புதமாக இருந்தது. சட்டத்தில் மாட்டிப் பின்னால் டியூப்லைட்டைப் போட்டதும் கரு நீலம் வெளுத்துப் பள்ளிக்கூடச் சீருடை ஆனது. உதடு ரோஸ்மில்க் ஆனது. ஈறும் பல்லும் வெளிச்சத்தில் கரைந்து ஒன்றாகிவிட்டன.

"பொக்கை வாய்க்கு மட்டும் பாக்குற டாக்டர்னு நெனச்சுருவாங்க பிலோ," என்றார் என் கணவர். (என் பெயர் பிலோமினா.)

அப்போதுதான் விஷயம் புரிந்தது. பின்னாலிருந்து வெளிச்சம் ஊடுருவி வரும்போது நிறத்தில் பாதியைத் தின்றுவிடுகிறது. அப்படியானால் மையை இரண்டு மடங்காகப் போட்டால் தீர்ந்தது. குழம்பில் உப்புக் குறைந்தால் கைப்பிடி அள்ளிப் போடுகிறவள் நான். மெஷினிலும் அதையே செய்தேன்.

இரண்டாவது தடவை மெஷின் மழைபோல ஊற்றியது. பத்து நிமிஷம் எல்லாமே ராஜ களையாக இருந்தது. பிறகு சிவப்பு மெதுவாக நகர ஆரம்பித்தது. ஈறிலிருந்து நூல் நூலாகப் பல்லுக்குள் இறங்கியது. நீலம் எழுத்துகளுக்குள் கசிந்து, ஸ்டெல்லாவின் பெயர் வீங்கிப்போனது. நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோது எட்டுப் பல்லிலும் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. எந்த நோய்க்கு அவள் வைத்தியம் பார்க்கப்போகிறாளோ அந்த நோயைப் பத்தடிக்கு நாலடியில் நான் அச்சடித்து வைத்திருந்தேன்.

என் மாமியார் அந்தப் பக்கமாக வந்தவர் அதைப் பார்த்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "ஏத்தா, யாருக்கு அடிபட்டுச்சு?"

"யாருக்கும் இல்ல அத்தை. இங்க் காயல."

"காயலன்னா காயப்போடு. அதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிற?" என்று சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலம் ஆரம்பித்திருந்தது. ஈரக் காற்றுதான் காரணம் என்று நானும் நினைத்தேன். அடுத்த தடவை அடிக்கும்போது மெஷினுக்கு நேராக டேபிள் ஃபேனை வைத்தேன். மை காயவில்லை. ஆனால் ரத்தம் எல்லாம் ஒரே பக்கமாக, காற்றடிக்கிற திசையில் வழிந்தது. கூடவே களத்திலிருந்து பறந்து வந்த கடலைத் தொலி பல் இடுக்கில் ஒட்டிக்கொண்டது. (பார்க்க மிகவும் இயல்பாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.) அதற்கடுத்து, தலை காயவைக்கிற டிரையரை எடுத்து ஒரு பல்லின் மேல் பிடித்தேன். ஃப்ளெக்ஸ் பொரிந்து அந்தப் பல் உப்பிக்கொண்டு வெளியே வந்தது.

முழுப் போர்டையும் அடித்து வீணாக்க வேண்டாம் என்று பிறகு ஒரே ஒரு பல்லையும் கொஞ்சம் ஈறையும் மட்டும் அடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். மையைக் கொஞ்சம் குறைத்து ஒன்று, இன்னும் குறைத்து ஒன்று. குறைத்தால் வெளுத்தது, கூட்டினால் வடிந்தது. நடுவில் நிற்கிற ஓர் இடம் மட்டும் கிடைக்கவே இல்லை. மூன்று நாளில் எங்கள் துணிக்கொடி முழுக்க, ஒவ்வொன்றும் ஒன்றரை அடி உயரத்தில், ரத்தம் ஒழுகும் பற்கள் தொங்கின. தபால்காரர் கடிதத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

"திருச்சிக்கே சொல்லிருவோமா பிலோ? இன்னும் அஞ்சு நாள் இருக்கு. ஸ்டெல்லா ஒண்ணும் சொல்லமாட்டா," என்றார் என் கணவர். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கோ உச்சந்தலைவரை கோபம் ஏறியது. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள் என்பதுதானே என் பயமே! ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் மரியாதையாகச் சிரிப்பாள்.

"அந்தப் பேச்சு இந்த வீட்டுல இருக்கக்கூடாது," என்றேன். மெஷினை எனக்கு விற்றபோது வந்து பூட்டிக் கொடுத்த மெக்கானிக்குக்கு போன் போட்டேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரிங்க மேடம். ஹீட்டர எத்தனைல வச்சுருக்கீங்க?"

"எந்த ஹீட்டரு?"

அவர் அடியிலிருந்து ஆரம்பித்தார். "மேடம், ஃப்ளெக்ஸ் ஓடுற தகடு இருக்குல்ல? முன்னாடி ஒண்ணு, நடுவுல ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. தொட்டுப் பாருங்க. சூடா இருக்கா?"

தொட்டுப் பார்க்கத் தேவையே இல்லை. அந்தத் தகடு ஜில்லென்று இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அதை ஜில்லென்று ஆக்கியதே நான்தான். மெஷின் வந்த முதல் வாரம் அந்தத் தகட்டில் தற்செயலாகக் கை பட்டது. சுட்டது. ஐயோ, பழைய மெஷின், ஏதோ கோளாறில் சூடேறுகிறது, தீப்பிடித்தால் வீடே போய்விடும் என்று பதறி, தேடிப்பிடித்து அதற்கான சுவிட்சை அணைத்தேன். அணைத்ததோடு விடவில்லை. அதன் மேல் டேப் ஒட்டி, சிவப்புப் பேனாவில் 'தொடாதே' என்று எழுதியும் வைத்தேன். மெக்கானிக்கே இல்லாமல் ஒரு பெரிய ஆபத்தைத் தடுத்ததாக ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை பேசியிருக்கிறேன்.

இதை மெக்கானிக்கிடம் சொன்னேன்.

"ரெண்டு வருசமாவா மேடம்?"

"ஆமாங்க."

"மேடம், மெஷினுக்குக் காய்ச்சல் எல்லாம் இல்ல. அந்தச் சூடுதான் அதோட வேலையே. மை விழுந்த எடத்துலயே அப்பிடியே பிடிச்சுக்கணும். சூடு இல்லைன்னா அது பக்கத்து வீட்டுக்குப் போயிரும். ரெண்டு வருசம் எப்பிடி ஓட்டுனீங்க?"

"எங்க ஊரு வெயில்ல ஓடிருச்சுங்க," என்றேன். அது உண்மை. கல்யாண ஃப்ளெக்ஸுக்கு மை கொஞ்சம். மே மாதத்துப் புதுக்கோட்டையில் எதைத்தான் காயவைக்க வேண்டும்! இரண்டு மடங்கு மையும் மழைக்காலமும் சேர்ந்து வந்தபோதுதான் என் சாமர்த்தியம் அம்பலமானது.

பிறகு அவர் சொன்னதைக் கடலைச் சாக்கில் எழுதிக்கொண்டேன். (காகிதம் தேட நேரமில்லை.) சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். மையை இரண்டு மடங்காக ஒரே மூச்சில் அப்பக்கூடாது. சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மெல்லிசாகப் பல பூச்சு அடிக்க வேண்டும். மெஷினின் வேகத்தைக் குறைக்க வேண்டும். மொத்த மையையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாமல் ஓர் அளவில் நிறுத்த வேண்டும். கடைசியாக ஒன்றை இரண்டு தடவை சொன்னார். "அடிச்சு முடிச்சதும் சுருட்டாதீங்க மேடம். ஒரு நாள் முழுக்கத் தொங்கவிடுங்க. மேல காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ள பச்சையா இருக்கும்."

டேப்பைப் பிய்த்தேன். சுவிட்சைப் போட்டேன். அதற்குப் பின்னும் இரண்டு நாள் போராட்டம். சூடு அதிகமானால் ஃப்ளெக்ஸ் அப்பளம் மாதிரி நெளிந்தது. குறைந்தால் சிவப்பு மறுபடியும் எட்டிப்பார்த்தது. ஒவ்வொரு பல்லின் பின்னாலும் சூடு எவ்வளவு, பூச்சு எத்தனை, வேகம் எவ்வளவு என்று எழுதிக் கொடியில் மாட்டினேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு இந்தப் பாடுபட்டிருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரி இருந்திருக்கும். இருபத்தேழாவது பல் வெளியே வந்தது. ஈறு ஈறாக நின்றது, பல் பல்லாக நின்றது. ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி இருந்தது. விளக்குக்கு நேராகப் பிடித்தேன். சிவப்பு சிவப்பாகவே எரிந்தது. நான் அந்தப் பல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன், மாமியார் பார்த்துவிட்டார்.

இந்த இடத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இன்றைக்கு மரியாதையான பெண்மணி. ஆனால் மழைக்குக் கரண்டு போய்ப் போய் வந்ததில் முழுப் போர்டும் அடித்து முடிக்கவே திறப்பு விழா அன்றைக்குக் காலை பத்து மணி ஆகிவிட்டது. சட்டத்தில் மாட்டி விளக்கைப் போட்டுப் பார்த்தோம். அப்பழுக்கு இல்லை. என் கணவர் வாய் திறந்து "சூப்பர்" என்றார். அவர் மாணவர்களுக்கே அந்தச் சொல்லைக் கொடுக்கமாட்டார். மாலை ஆறு மணிக்குத் திறப்பு. இரண்டு மணிக்கு போர்டு மாட்டுகிறவர்கள் வண்டியோடு வருவார்கள். ஒரு நாள் முழுக்கத் தொங்கவிட வேண்டிய ஃப்ளெக்ஸுக்கு என்னிடம் இருந்தது நாலு மணி நேரம்.

அப்போது பார்த்து மழை விட்டு, பளீரென்று வெயில் அடித்தது.

"களத்துல போடு. பெறகு களம் எதுக்கு இருக்கு?" என்றார் மாமியார். மழைக்குப் பயந்து கடலையை முன்பே சாக்கில் அள்ளி வைத்திருந்தார். களம் காலியாகக் கிடந்தது; கொஞ்ச நேரத்து வெயிலிலேயே ஈரம் காய்ந்து சூடேறிவிட்டது. உலகத்தில் எந்த மெக்கானிக்கும் சொல்லாத யோசனை! நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஸ்டெல்லாவின் சிரிப்பை வானத்தைப் பார்க்க விரித்தோம்.

காற்று தூக்கியது. மூலைக்கு மூலை கனம் வைக்க வேண்டும். கல்லை வைத்தால் கீறிவிடும். இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. பாதி நிரம்பிய கடலைச் சாக்கு நாலைத் தூக்கி வந்து மூலைக்கு ஒன்றாக வைத்தேன். மெத்தென்று இருக்கும், கீறாது, கனமும் இருக்கும். சாக்கின் வாயைக் கட்டவேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. இருபத்தேழு பல் அடித்துச் சூட்டையும் பூச்சையும் கண்டுபிடித்த அதே மூளைதான்.

காவலுக்குக் குச்சியோடு மாமியாரை உட்கார வைத்தேன். எங்கள் வீட்டில் கருப்பி என்று ஒரு கோழி. கேட்டில் மாட்டி ஒரு கால்விரலை இழந்தது. அதற்குப் பிறகு உலகத்தில் எதற்குமே பயப்படாமல் போனது. அது பயப்படுகிற ஒரே ஆள் என் மாமியார். அதனால் நிம்மதியாகக் குளிக்கப் போனேன்.

குளிக்கும்போது பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது.

எங்கள் ஊர்க் கோயிலில் மத்தியான மணி அடித்தால் என் மாமியார் கையில் எது இருந்தாலும் கீழே போட்டுவிட்டு, கோயில் இருக்கிற திசையைப் பார்த்து நின்று, கண்ணை மூடிச் செபம் சொல்வார். அடுப்பில் தோசை கருகினாலும் கண் திறக்காது. அந்தத் தோசைகளை ஒன்பது வருடமாக நாங்கள் சாப்பிட்டு வருகிறோம். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். மணி காதில் விழுந்ததும் நானும் பக்தியாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டு தொடர்ந்து சோப்புப் போட்டேன்.

வெளியே வந்து பார்த்தால் மாமியார் கண்ணை மூடி நின்றுகொண்டிருக்கிறார். குச்சி தரையில் கிடக்கிறது. கருப்பி வலது மேல் மூலைச் சாக்கிலிருந்து நிதானமாகக் கடலை தின்றுகொண்டிருக்கிறது. இடது கீழ் மூலைச் சாக்கு ஏற்கெனவே கலைந்திருக்கிறது. அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நடுவில் முழு ஃப்ளெக்ஸ். பறந்து வந்திருக்கக்கூடாதா என்று ஒரு கணம் நம்பிப் பார்த்தேன்.

விரட்டிவிட்டு மண்டியிட்டுப் பார்த்தேன். மூன்றாவது பல்லில் ஒரே ஒரு சிவப்புக் கால்தடம். தின்னரில் துணியை நனைத்து ஒற்றி எடுத்தேன். போய்விட்டது. நீலத்தை இங்கிட்டு அங்கிட்டு சாய்ந்து சாய்ந்து பார்த்தேன். வெயிலில் பளபளவென்று இருந்தது. ஒரு தடமும் இல்லை. உதட்டிலும் ஒன்றும் இல்லை. சரி, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். மாமியார் செபம் முடித்துக் கண்ணைத் திறந்தபோது நான் தின்னர் துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்திருந்தேன்.

வண்டி ஒரு மணிக்கே வந்துவிட்டது. என் கணவர் பள்ளியில் லீவு சொல்லிவிட்டு வீட்டில்தான் இருந்தார். "ஏத்துறதுக்கு முன்னாடி ஒருவாட்டி லைட்டப் போட்டுப் பாத்துருவோமா?" என்றார்.

"காலையிலதான் பாத்தாச்சுல்ல! சும்மா நோண்டாதீங்க," என்று நான் சிடுசிடுத்தேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன வாக்கியங்களில் திரும்ப எடுத்துக்கொள்ள ஆசைப்படுவது இது ஒன்றுதான்.

மாலை ஆறு மணி. மேகம் கவிந்து சீக்கிரமே இருட்டியிருந்தது. மருத்துவமனை வாசலில் நல்ல கூட்டம். திருச்சியிலிருந்து ஸ்டெல்லாவின் மாமனார் வீட்டு ஆட்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். பங்குச் சாமியார் உள்ளே ஒவ்வொரு அறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டு வெளியே வந்தார். போர்டு சுவிட்சைப் போட எல்லோரும் அவரை அழைத்தார்கள். அப்போது பட்டுப்புடவையில் நின்ற ஸ்டெல்லா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"சாமி, இந்த போர்டு எங்க அண்ணி செஞ்சது. திருச்சியிலதான் முடியும்னு எல்லாரும் சொன்னாங்க. அண்ணி முடியும்னாங்க. அவங்களே போடட்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் சுவிட்சைப் போட்டேன்.

சிவப்பு சிவப்பாக இருந்தது. வெள்ளை வெள்ளையாக இருந்தது. எட்டுப் பல்லும் பஸ் ஸ்டாண்டுவரை சிரித்தன. கூட்டம் "ஆ" என்றது. அந்த "ஆ" பாதியில் நின்றது. இடது கீழ் மூலையிலிருந்து ஒரு கால்தடம், அடுத்து ஒன்று, அடுத்து ஒன்று என்று கரு நீலத்தில் வெளிச்சமாக மின்னின. ஸ்டெல்லாவின் பெயர்மேல் ஏறி, அவள் ஐந்து வருடம் படித்த படிப்பை மிதித்து, கீழ் உதட்டில் கால் வைத்து, பல்லைத் தாண்டி, வலது மேல் மூலையில் போய் முடிந்தன. மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருந்த மை கோழியின் காலோடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு போயிருக்கிறது. மிச்சம் இருந்த மை பகலில் முன்னாலிருந்து பார்க்கிறவளை ஏமாற்றப் போதுமாக இருந்தது. பின்னாலிருந்து விளக்கு எரிந்ததும் மெலிந்த இடமெல்லாம் தெரிந்துவிட்டது. மொத்தம் பத்தொன்பது தடம். அங்கேயே நின்று எண்ணினேன், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்; எண்ணி முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டேன்.

சாமியார் நல்ல மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாடர்னா ஏதோ பண்ணியிருக்கீங்கபோல," என்றார். நானும் மெதுவாகத் தலையாட்டப் போனேன். அதற்குள் கூட்டத்தின் நடுவிலிருந்து என் மாமியாரின் குரல் வந்தது.

"ஏ ஆத்தாடி! இது நம்ம கருப்பி காலுல்ல! நல்லாப் பாருங்க, ஒரு வெரலு இல்ல!"

திருச்சிக்காரர்கள் ஒரு வேன் நிறையச் சிரித்தார்கள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. என்னை உள்ளே கூட்டிப்போய், பல் பார்க்கிற அந்தச் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"கோழி மிதிச்சது ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா அண்ணி?"

பொய் சொல்ல ஆசையாக இருந்தது. "தெரியும்," என்றேன்.

"எப்ப?"

"மத்தியானம்."

"சொல்லியிருக்கலாம்ல அண்ணி. கோழி மிதிச்சுருச்சு ஸ்டெல்லான்னு ஒரு போன். நான் என்ன சொல்லிருவேன்?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், கணக்கு நேராகியிருக்கும். அந்த 'எங்க அண்ணி' போய்விட்டது என்று எனக்குத் தோன்றியது. என் கணவரோடு வீட்டுக்கு வந்தேன். பாவம், "நான் அப்பவே சொன்னேன்" என்று அவரும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு மெஷினைச் சூடேற்றினேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். இந்தத் தடவை முழு போர்டும் வெயில் ஏறுமுன் முடிந்தது. ஒரு நாள் முழுக்கக் கடைக்குள்ளேயே, கதவைச் சாத்தி, தொங்கவிட்டேன். வந்த வாடிக்கையாளர்களை வாசலோடு அனுப்பினேன். மாமியார் "வெயில் நல்லா அடிக்குதே" என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் உள்ளே போய்விட்டார். விளக்கைப் போட்டு மூன்று தடவை பார்த்தேன். மூன்றாம் நாள் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆட்டோவில் நீட்டிக்கொண்டு, மருத்துவமனைக்குப் போனேன்.

வாசலில் போர்டுக்குக் கீழே நாலைந்து ஆண்கள் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கன்னம் வீங்கிப்போன ஒரு தென்னந்தோப்புக்காரர், "ஒத்தக் கோழிதான்யா. கால மாத்தி வச்சுருக்கு, அவ்வளவுதான்," என்றார். தலையில் துண்டு கட்டினவர் விடவில்லை. "நீ பாரு, இந்தத் தடம் அகலமா இருக்கு. இது முட்டை வைக்கிற கோழி. அது வெடக்கோழி, இன்னும் முட்டையே வைக்கல. எங்க வீட்டுல நாப்பது கோழி நிக்கிது, எனக்குச் சொல்லாத." மூன்றாமவர் வல்லத்திராக்கோட்டையிலிருந்து வந்தவராம், இதைக் கேள்விப்பட்டுப் பார்க்கவே வந்தவர். பார்க்க வந்த இடத்தில் கடைவாய்ப் பல்லையும் காட்டிவிடலாம் என்று டோக்கன் வாங்கியிருந்தார்.

ஸ்டெல்லா கையுறையோடு வெளியே வந்தாள். என்னையும் என் தோளில் இருந்த சுருளையும் பார்த்தாள்.

"மாத்த வேணாம் அண்ணி."

"இல்ல ஸ்டெல்லா, இது சரியா வந்துருக்கு. நெசமாவே."

"மூணு நாளா பாக்குறேன். ஊசின்னாலே ஓடுறவங்க எல்லாம் கோழிய எண்ணிக்கிட்டே உள்ள வாராங்க. வாயத் தொறங்கன்னு நான் சொல்லவே வேண்டியதில்ல. ஒரு கோழியா ரெண்டு கோழியான்னு அவங்களே பேசிக்கிட்டுத் தொறந்துதான் வச்சுருக்காங்க." பிறகு என் தோளில் இருந்த சுருளைத் தட்டினாள். "லைட்டப் போட்டுப் பாத்தீங்களா?"

"மூணு தடவ," என்றேன்.

அப்போதுதான் அவள் சிரித்தாள். மரியாதைச் சிரிப்பு இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. கன்னம் வீங்கின தென்னந்தோப்புக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "இவங்கதான் எங்க அண்ணி," என்று அவரிடம் சொன்னாள். "ஒரு கோழிதான். இவங்க கோழி."

ஆறு வருடம் ஆகிவிட்டது. ஆலங்குடி பஸ்ஸில் ஏறி 'கோழிக்கால் டாக்டர்' என்றால் கண்டக்டரே நிறுத்தம் சொல்வார். எனக்கும் பொன்னமராவதிவரை பேக்லிட் வேலை வருகிறது. வருகிறவர்கள் தயங்கித் தயங்கி, "கோழி எல்லாம் வேணாங்க, ப்ளெயினா போதும்," என்கிறார்கள். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது மழுப்பினால், "லைட்டப் போட்டுப் பாக்கவா?" என்று கேட்டால் போதும், உண்மை வந்துவிடும். சர்க்கரை வியாதியோடு கேக் டப்பாவைத் திறக்கவே இல்லை என்று சாதித்த மாமியாரிடம் போன கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லா அப்படிக் கேட்டாள். அவர் கேக்கை விட்டுவிட்டு வேறு ஒன்றை ஒப்புக்கொண்டார். போர்டைக் களத்தில் காயப்போட்ட அன்றைக்கு மத்தியானம் செபத்தின்போது ஒரு கண்ணைத் திறந்து கருப்பியைப் பார்த்தாராம்.

"பெறகு ஏன் அத்தை வெரட்டல?" என்று நான் அலறினேன்.

"செபம் முடியலையேத்தா," என்றார்.

அந்தக் குறையே இல்லாத இரண்டாவது போர்டு என்ன ஆனது என்று கேட்பீர்கள். களத்தில் கடலைக் குவியலுக்கு மழைக்கு மூடப் பயன்படுகிறது. எட்டுப் பல்லும் வானத்தைப் பார்த்துச் சிரிக்கின்றன. கருப்பியின் பேத்திகள் அதன் மேல்தான் நாள் முழுக்க ஏறி இறங்குகின்றன. மழை விட்டதும் நான் அதை உதறித் தூக்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்து மூலைக்கு மூலை பார்ப்பேன். இன்றுவரை ஒரு தடம்கூட விழவில்லை. அத்தனை நன்றாகக் காய்ந்திருக்கிறது.